இரண்டு தேக்சா கஞ்சி

ரோஷன் பேகத்துக்குக் கோபம் வந்தால் பாத்திரம் விளக்க உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு வீட்டில் விளக்காத பாத்திரம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. காரணம், பரணிலிருந்து இறங்கி நடுக்கூடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்த ஒரு நீலப் பெட்டி.

அவள் புருஷன் கலீம் முதல் தடவை சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனபோது வாங்கிய பெட்டி அது. எண் பூட்டு வைத்தது. ஒன்பது வருஷத்தில் திருச்சி ஏர்போர்ட் தரையில் அது உருண்ட தூரம் கொஞ்சமல்ல. விமானக் கம்பெனிக்காரன் கைப்பிடியில் ஒட்டிய காகிதத்தை இன்னும் முழுசாக உரிக்க முடியவில்லை. அந்தப் பெட்டி கூடத்துக்கு வந்தால் வீட்டில் ஓர் ஆள் குறையப்போகிறது என்று அர்த்தம். மகள் அல்ஷிஃபா பிறந்தபோதும் ஓர் ஆள் குறைவுதான். அவள் தன் அத்தாவை முதன்முதலில் நேரில் பார்த்தது இரண்டாவது வயதில். "யாரும்மா இந்த அங்கிள்?" என்று கேட்டாள். கலீம் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொல்லைக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் கணக்கை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான்.

வந்து மூன்று வருஷமாகிறது. ரோஷனின் அத்தா அவள் பங்குக்கு விட்டுப்போன இரண்டு ஏக்கர் தொட்டியத்தில் இருந்தது. கலீம் அதில் இறங்கினான். முதல் வருஷம் பக்கத்து வயல் முருகானந்தம் சொல்லிக்கொடுத்தபடி யூரியா போட்டான், மருந்தடித்தான், நன்றாகவே விளைந்தது. இரண்டாம் வருஷம் திடீரென்று இரண்டையும் நிறுத்திவிட்டு, சாணியும் கோமியமும் வேப்பங்கொட்டையுமாக அலைய ஆரம்பித்தான். ஏன் நிறுத்தினான் என்று அவர்கள் குடியிருக்கும் திருச்சி பாலக்கரையில் யாரும் கேட்கவில்லை. விளைச்சல் குறைந்துவிட்டதாமே என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

இந்த வருஷம் தை அறுவடை பரவாயில்லை. பிரச்சினை அதை விற்பதில்தான். தில்லை நகர்க் கடைகளில் இயற்கை அரிசியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, கழுத்தில் சணல் கயிறு கட்டி விற்கிறார்கள். அதையே சாக்கில் கட்டி பைக்கில் கொண்டுபோய் இறக்கினால், சர்டிபிகேட் எங்கே என்கிறார்கள். சர்டிபிகேட்டுக்கு எழுதிப்போட்டு, ஆள் வந்து பார்த்து, அது கைக்கு வர இன்னும் வருஷமாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாக ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்குக் கீரையும் வாழைப்பூவும் கொண்டுபோவார்கள். கீரை பத்து நிமிஷத்தில் போய்விடும். அரிசியை மட்டும் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். ரங்கநாயகி மாமி என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டேவிட்டார்.

"ஏம்மா, சாப்பிட்டா எங்காத்து அரிசிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுமோ? உண்மையைச் சொல்லு."

தெரியும் என்று சொல்ல ரோஷன் வாயைத் திறந்தாள். மாமியின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. கீரைக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இப்படியாக அரிசி மூட்டைகள் கூடத்தில் ஒரு வரிசையும் கட்டிலுக்கடியில் ஒரு வரிசையுமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் பழைய கம்பெனியிலிருந்து விசா வந்தது. பத்தாம் நோன்புக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கலீம் ஸ்டூல் போட்டுப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். ரோஷன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அவனைக் கடைசியில் பிடித்து நிறுத்தியது பள்ளிவாசல் கஞ்சிதான்.

அவர்கள் தெருப் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சிக்கு ஊருக்குள் ஒரு பேர் உண்டு. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். முஸ்லிம் வீடுகள் மட்டுமில்லை, மாதா கோயில் தெருக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், பூக்கட்டுகிற பெண்கள் என்று எல்லாரும் நிற்பார்கள். எல்லாரும் குடிக்க வேண்டும் என்பதால் அதில் கறி போடுவதில்லை. இன்னொரு விசேஷம், வரிசையில் முதல் ஆளுக்குக் கிடைக்கிற கஞ்சியும் கடைசி ஆளுக்குக் கிடைக்கிற கஞ்சியும் ஒரே பதத்தில் இருக்கும். தேக்சா என்கிற பெரிய அண்டாக்களில் முப்பது வருஷமாகக் காய்ச்சுகிற குத்புதீன் பாயின் கைப்பக்குவம் அது என்று சொல்வார்கள். எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

சர்க்கார் கொடுக்கும் பச்சரிசி போதாமல் போகிற பங்கை மண்டியில் வாங்குவார்கள். மீதி நோன்புக்கான அந்தப் பங்கும் கலீம் வீட்டு மூட்டைகளும் ஏறக்குறைய சரியாக இருந்தன. அதை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் கேட்டால் என்ன என்று யோசனை சொன்னவள் ரோஷன். அவர் வாங்கிக்கொண்டால் நான் எங்கேயும் போகவில்லை, இல்லையென்றால் நீ என்னைத் தடுக்கக் கூடாது என்றான் கலீம். ரோஷன் ஒத்துக்கொண்டாள். வேறு வழி இருக்கவில்லை.

முத்தவல்லி ஷேக் தாவூதை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். நாற்பது வருஷம் அரிசி மண்டி வைத்திருந்தவர். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊதினாலே அது எந்த ஊர், எத்தனை மாதப் பழசு என்று சொல்லிவிடுவார். இயற்கை, செயற்கை என்பதெல்லாம் சுத்தக் கண்கட்டு வித்தை என்பது அவர் கட்சி. நெல்லுக்கு வேர்தான் வாய், அதற்குள் போவது சாணியா யூரியாவா என்று அரிசிக்குத் தெரியுமா என்று கேட்டார். கலீமின் அரிசி கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஜமாஅத் பணத்தில் கூட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் சாப்பிடுகிறவனுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். தெரிந்தால் இந்த வருஷம் என்ன, நான் இருக்கிற வரைக்கும் உன் அரிசிதான் என்றார். கறாரானவர், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

வித்தியாசம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அங்கேதான் லிசி டீச்சர் உள்ளே வந்தார்.

லிசி டீச்சர் எதிர்வீடு. காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவர். இந்த வருஷம் அவர்களுடைய தவக்காலமும் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கியதால், இரண்டு வீடும் ஒன்றாகப் பட்டினி கிடந்து ஒன்றாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. ரோஷன் போய் டீச்சரிடம் முதலில் கேட்டது, படித்தவர்கள் இதைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்றுதான். டீச்சர் பூசி மெழுகவில்லை. இயற்கையாக விளைந்ததில் மருந்தின் மிச்சம் குறைவாக இருக்கும் என்கிறார்கள், சத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அடித்துச் சொல்ல முடியவில்லை, ருசி பெரும்பாலும் ரகத்தையும் பக்குவத்தையும் பொறுத்தது என்றார். ஆனால் சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் டீச்சருக்கு வந்த உற்சாகத்தை இனி யாராலும் நிறுத்த முடியாது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டீச்சர் ஒன்று விடாமல் யோசித்தார். இரண்டும் ஒரே ரகம், வெள்ளைப் பொன்னி. ஒன்று கலீம் வயல், இன்னொன்று வரப்புக்கு அந்தப்பக்கம் முருகானந்தம் வயல். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே வாரத்து அறுவடை. முருகானந்தம் தன் அரிசியைத் தானே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெயிக்கிறவன் தோற்றவனுக்குப் பிரியாணி போட வேண்டும் என்று கலீமின் தோளில் தட்டிவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே மில்லில் நொய்யாக்கினார்கள். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், இஞ்சி பூண்டு, புதினா எல்லாம் தராசில் நிறுத்து இரண்டு பங்கு. ஒரு தேக்சாவின் காதில் சிவப்பு ரிப்பன், இன்னொன்றின் காதில் பச்சை ரிப்பன். எது எந்த அரிசி என்பது டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். கலீமிடம் சொல்லக் கூடாது, ஹாஜியாரிடம் சொல்லக் கூடாது, குத்புதீன் பாயிடம் மூச்சுவிடக் கூடாது. சோதனை என்று தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும் என்றார் டீச்சர். குத்புதீன் பாயிடம், வரிசை நீளமாகிவிட்டதால் இரண்டாகப் பிரிக்கிறோம், அதற்குத்தான் ரிப்பன் என்று சொல்லிவைத்தார்கள். நல்ல மனுஷர், சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

ஏழாம் நோன்பன்று ஒவ்வொரு வீட்டுக்கும் சிவப்பு ரிப்பன் ஒன்று, பச்சை ரிப்பன் ஒன்றாக இரண்டு தூக்கில் கஞ்சி போனது. கூடவே ஒரு சீட்டு. இயற்கை அரிசி எது? சிவப்பு, பச்சை, தெரியவில்லை. மூன்றில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். நூற்றுக்கு எழுபது பேர் சரியாகச் சொன்னால் கலீம் ஜெயித்தான்.

பாங்கு சொன்னதும் ரோஷன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கிண்ணங்களை முன்னால் இழுத்துவைத்தாள். கலீம் பள்ளிவாசலில் இருந்தான். அவளும் அல்ஷிஃபாவும் மட்டும்தான். முதலில் சிவப்பு. அமிர்தமாக இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் பச்சை. அதுவும் அமிர்தம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் குடித்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் குடித்தாள். மகளிடம் நீட்டினாள். மகள் இரண்டு கிண்ணத்தையும் காலிசெய்துவிட்டு, வடை எங்கே என்று கேட்டாள்.

முருகானந்தம் அரிசியை வீட்டில் தனியாக வடித்துப் பார்த்தபோது தெரியாதது கஞ்சியிலாவது தெரியும் என்று நம்பியிருந்தாள். தை மாதத்திலிருந்து தினமும் சாப்பிடுகிற அரிசி. அவள் அத்தா நிலத்து அரிசி. அவள் புருஷன் முதுகொடிய விளைவித்த அரிசி. அவளுக்கே தெரியவில்லை என்றால் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தாள். நீலப் பெட்டி கூடத்தில் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. லிசி டீச்சர் வீட்டுக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோகிறவள்தானே. இன்றைக்கும் கொண்டுபோய், பேச்சோடு பேச்சாக எது எது என்று கறந்துவிட்டால், அக்கம்பக்கத்துப் பெண்களிடம் காதோடு காதாகப் போட்டுவிடலாம். எழுபது என்ன, தொண்ணூறு பேரையே சரியாகச் சொல்லவைத்துவிடலாம். கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். டீச்சர் வாசலில் முழந்தாளிட்டு மகன் உடைத்த பூந்தொட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நான் யார்கிட்டயும் பேசாம இருக்கேன் ரோஷன். வாயைத் தொறந்தா வந்துடும்னு பயமா இருக்கு. உனக்கே தெரியும், எனக்கு ரகசியம் தங்காது."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது? ரோஷன் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். நோன்பும் அதுவுமாக இதென்ன நிய்யத்து, இதென்ன எண்ணம்? வீட்டுக்கு வந்து சீட்டை எடுத்தாள். பேனா சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு தெரியவில்லை என்ற இடத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். அந்த டிக் புருஷனை விமானத்தில் ஏற்றிவிடுகிற டிக் என்று அவளுக்குத் தெரியும். சீட்டை மடித்தபோது அழுகை வந்தது. அழுதாள். பிறகு சுத்தமாக இருந்த பாத்திரங்களையே மறுபடி விளக்கினாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் திருவிழாக் கூட்டம். ஆண்கள் உள்ளே, பெண்கள் வாசற்கதவை ஒட்டி. லிசி டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். சிலர் டிக்கோடு நிறுத்தாமல் விளக்கமும் எழுதியிருந்தார்கள். சிவப்புக் கஞ்சியைக் குடித்ததும் பத்து வருஷ வாயுத்தொல்லை போய்விட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அதே சிவப்புக் கஞ்சியில் பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்ததாக இன்னொருவர். பச்சைக் கஞ்சி குடித்த பிறகு தராவீஹ் இரவுத் தொழுகையில் கால் வலிக்கவில்லையாம் ஒருவருக்கு. பூக்காரப் பெண்மணி ஒருவர், இரண்டும் நன்றாக இருந்தது, நாளைக்கும் இரண்டு தூக்கு தருவீர்களா என்று கேட்டிருந்தார். சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. ரோஷனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கணக்கு முடிந்தது. சிவப்பு தொண்ணூற்றொன்று, பச்சை எண்பத்தெட்டு, தெரியவில்லை நாற்பது. எது இயற்கை என்று டீச்சர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் போட்டாலும் நூற்றுக்கு நாற்பது, நாற்பத்திரண்டுக்கு மேல் வரவில்லை.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். ஜெயித்த சந்தோஷம் முகத்தில் இருந்தது, ஆனால் கலீமைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே தம்பி என்றார். கலீம் தலையாட்டினான். தூணோரமாக, கையைக் கட்டிக்கொண்டு, அடிவாங்கிய பையன் மாதிரி நின்றான்.

அப்போது அடுப்படியிலிருந்து குத்புதீன் பாய், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். இதென்ன கணக்கு என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு தேக்சாவில் இரண்டு அரிசி, யாருக்கு ருசி பிரிந்து தெரிகிறது என்று பார்த்தோம் என்றார். குத்புதீன் பாய் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டு கஞ்சியா? நேத்து எங்கே இருந்துச்சு ரெண்டு கஞ்சி?"

டீச்சர் ரிப்பனைக் காட்டினார். ரிப்பன் இருந்தது, கஞ்சி ஒன்றுதான் என்றார் பாய். யாருக்கும் விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு தேக்சா ஏற்றினால் ஒன்று கெட்டியாகவும் ஒன்று தண்ணியாகவும்தான் வரும், அடுப்பு அப்படி. இவனுக்குக் கெட்டி, எனக்குத் தண்ணியா என்று நோன்பு நேரத்தில் ஒருத்தன் மனசு வருத்தப்படக் கூடாது. அதனால் அவர் வாப்பா காலத்திலிருந்தே, இறக்குவதற்கு முன்னால் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக வாளி வாளியாக மாற்றி ஊற்றி, இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் கிண்டுவதுதான் வழக்கம்.

"நேத்தும் இருபது வாளி மாத்தினேன். நம்ம கஞ்சியில மொதல் ஆளு, கடைசி ஆளுன்னு கிடையாதே. அது தெரியாதா உங்களுக்கு?"

எல்லார் கண்ணும் லிசி டீச்சர் பக்கம் திரும்பியது. தராசு, ரிப்பன், ரகசியம், சீட்டு என்று ஒன்று விடாமல் யோசித்த டீச்சர், வாயில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். பாயிடம் மூச்சுவிடாதீர்கள் என்று சொன்னதே அவர்தான். முதலில் சிரித்தது ஹாஜியார். தொப்பி நழுவி மடியில் விழுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் முற்றமே சிரித்தது. வாயுத்தொல்லை போனவர் யாரென்று ஆளாளுக்குத் தேடினார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

டீச்சர் எழுந்து, மறுபடி ஒரு தடவை சோதனை வைத்துவிடலாம், இந்தத் தடவை நானே அடுப்படியில் நிற்கிறேன் என்றார். கலீமின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சரி என்று ஹாஜியாரும் சொல்ல வாயெடுத்தார். ரோஷனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கதவருகே நின்றபடியே முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஹாஜியார் மாமா, மறுபடி வைக்காதீங்க. வச்சாலும் தெரியாது. சீட்டுல தெரியலைன்னு போட்டவங்கள்ல நானும் ஒருத்தி."

கலீம் நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்வையை ரோஷன் சந்திக்கவில்லை. சந்தித்தால் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நேத்துதான் கலந்துபோச்சு. போன வாரம் கலக்கலையே. முருகானந்தண்ணன் கொண்டுவந்த அரிசியில ஒரு ஆழாக்கு எடுத்து வீட்டுல தனியா வடிச்சுப் பார்த்தேன். அப்பவும் எனக்குத் தெரியல. சோத்துல தெரியாதுங்க மாமா. இவங்க சட்டையில தெரியும். நான்தானே துவைக்கிறேன்."

சொல்லத் தொடங்கியபின் அவளால் நிறுத்த முடியவில்லை. முதல் வருஷம் மருந்தடித்த நாளெல்லாம் அந்தச் சட்டையைத் தனியாக ஊறவைத்துத் துவைத்ததை, துவைத்த கை இரவெல்லாம் எரிந்ததைச் சொன்னாள். அதுகூடப் பெரிதில்லை என்றாள்.

"ரெண்டு வயசுவரைக்கும் அத்தாவைப் பார்க்காத பிள்ளை. இவங்க வந்தா வாசலுக்கு ஓடும். இவங்க ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, கிட்ட வராதேம்மா, அத்தா மேல மருந்து இருக்குன்னு கத்துவாங்க. பிள்ளை பயந்து நின்னுடும். ஒருநாள் குளிச்சிட்டு வந்து, இனிமே அடிக்க மாட்டேன் ரோஷன், விளையறது விளையட்டும்னாங்க. இப்ப சேறும் சாணியுமா வந்து நிப்பாங்க, பிள்ளை அப்படியே மேல ஏறிக்கும். எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இதுதான். இதுக்கு மேல அரிசியை வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம்."

இவ்வளவு பேர் முன்னால் இத்தனை பேசிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலிருந்த பூக்காரப் பெண்மணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ஹாஜியார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அவர் மண்டிக்கு நெல் போட்டவர்களில் எத்தனை பேர் சட்டையைப் பற்றி அவர் எப்போதாவது கேட்டிருப்பார்? தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சாப்பிடுறவனுக்கு என்ன வித்தியாசம்னு நாப்பது வருஷமா கேட்டுப் பழகிட்டேம்மா. வெளைய வைக்கிறவனைக் கேக்கத் தோணல. ஆனா சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு. நூத்துக்கு எழுபது பேரு வரல. அதனால முழுசா எடுக்க மாட்டேன், பாதி எடுக்கிறேன். நாளையிலேருந்து ஒரு தேக்சா அவன் அரிசி, ஒரு தேக்சா மண்டி அரிசி. எப்படியும் இந்த குத்புதீன் கலக்கத்தானே போறான்."

மறுபடி சிரிப்பு. பாய் மட்டும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு கஞ்சி ஊற்றப் போய்விட்டார்.

கலீம் வாசலில் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்து முன்னால் நடந்தான். ரோஷன் பாதி மகிழ்ச்சியும் பாதி பயமுமாகப் பின்னால் நடந்தாள். பேச்சு முழு அரிசிக்குத்தான். பாதி என்றால் என்ன ஆகும் என்று இரண்டு பேருமே பேசிவைத்துக்கொள்ளவில்லை. நோன்பு திறந்தார்கள். அல்ஷிஃபா ஒரே ஒரு தூக்குக் கஞ்சிதானா என்று கோபித்துக்கொண்டாள். ஸ்ரீரங்கத்து மாமியிடமும் இந்தச் சட்டைக் கதையை அப்படியே சொல்லிவிட வேண்டும், அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது என்று ரோஷன் மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். கடலை வடையைத் தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

கலீம் தரையில் உட்கார்ந்து நீலப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

ரோஷனுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஒப்புக்கொண்டாகிவிட்டதே, தடுக்க மாட்டேன் என்று. தட்டைப் பிடித்தபடி கதவோடு சாய்ந்துகொண்டாள். கலீம் பெட்டிக்குள் கிடந்த பழைய சோப்பு உறை, கிழிந்த போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டான். ஈரத்துணியால் துடைத்தான், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தான். அடியில் நொச்சி இலையைப் பரப்பினான். பிறகு மூலையிலிருந்த விதைநெல் சாக்கை இழுத்துவந்து, அதில் எலி கடித்திருந்த ஓட்டையைக் காட்டினான்.

"மூணு நாளா சொல்றேன், காதுல வாங்கினியா? எலி பாதியைத் தின்னுடுச்சு. வர்ற ஆடிக்கு நாத்துவிட என்ன பண்றது? சாக்கை அந்தப் பக்கம் பிடி."

ரோஷன் தட்டைக் கீழே வைத்தாள். வைத்தாளா போட்டாளா என்று அவளுக்கே தெரியாது, இரண்டு வடை மூட்டைக்கடியில் உருண்டு போயிற்று. சாக்கின் மறுபக்கத்தைப் பிடித்தாள். தம்மாமுக்கும் திருச்சிக்குமாக அலைந்த பெட்டிக்குள் நெல் சரசரவென்று இறங்கியது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். உள்ளே விழுந்த கண்ணீரைப் பார்த்து, விதைநெல்லில் ஈரம் படக் கூடாது, தள்ளி நின்று அழு என்றான் கலீம்.

கம்பெனிக்காரனுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். சாயங்காலமே, பள்ளிவாசல் வாசலிலிருந்தே போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டானாம். மீதிப் பாதியை என்ன செய்வது என்று கேட்டாள். லிசி டீச்சர் அபராதமாக ஒரு மூட்டை கேட்டிருக்கிறார், மாதா கோயில் தெருவிலிருந்து நாலு பேர் கேட்டிருக்கிறார்கள் என்றான். இனி ரங்கநாயகி மாமியிடம் நீதான் பேச வேண்டும், உன் வாயைத் தெருவே கேட்டுவிட்டது என்றான்.

பெட்டி நிறைந்தது. மேலே இன்னும் ஒரு கை நொச்சி இலையைப் போட்டு இருவருமாக அழுத்தி மூடினார்கள். கலீம் பூட்டின் சக்கரங்களை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, நம்பர் என்ன, மறந்துபோச்சே என்றான். ஒன்பது வருஷம் விரல்நுனியில் வைத்திருந்த நம்பர்.

ரோஷன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். உருண்டுபோன வடையில் ஒன்று காலடியிலேயே கிடந்தது. எடுத்து ஊதிவிட்டுக் கடித்தாள்.

"பூட்ட வேணாம் விடுங்க. எலிக்கு மூடியைத் தொறக்கத் தெரியாது."